நான் வரைந்த இரண்டாவது வழி

கீற்றுக் கொட்டகையின் நிழல் முடிகிற இடத்தில் பதினோரு ஜோடிச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. டயர் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு, பெருவிரல் பதிந்து குழிந்துபோன தோல் செருப்பு. அவற்றுக்கு முன்னால் ஒரு அம்மாள் கையில் அகப்பையோடு நின்றிருந்தார்.

கல்குட்டையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஆட்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். அவரவர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது.

"இது யாருது?"

"குப்பனுதுக்கா. துண்டு அலசிட்டு இருக்கான்."

"வரச் சொல்லு. அவன் வந்தாதான் பானையத் தெறப்பேன்."

காலையிலிருந்து கல் உடைத்த பத்துப் பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. குப்பன் துண்டைப் பிழிந்துகொண்டே வந்து செருப்பை மாட்டினான். அதன் பிறகுதான் பானை மூடி திறந்தது. கத்தரிக்காயும் நெத்திலிக் கருவாடும் போட்ட குழம்பின் வாசனை, சுட்ட பாறையின் வாசனையோடு கலந்து எங்கள் பக்கம் வந்தது.

நானும் என் மனைவி செல்வியும் வண்டியை நிறுத்திவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

"நீங்க யாரு? வழி மாறி வந்துட்டீங்களா?" என்றார் அந்த அம்மாள். அவர்தான் அஞ்சலையக்கா.

வழி கேட்டு எழுதியவர்களுக்கு

மரக்காணத்து உப்பளச் சாலையில் கிடைக்கும் மீன் சினை வறுவலைப் பற்றி எழுதியதிலிருந்து வாசகர்கள் விடாமல் கடிதம் போடுகிறீர்கள். எந்த வளைவில் திரும்ப வேண்டும், எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்றெல்லாம் கேட்கிறீர்கள். பதிலும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கல்குட்டைக்கு மட்டும் வழி கேட்காதீர்கள். ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லப் போவதில்லை. பாண்டியிலிருந்து திண்டிவனம் போகும் திசையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏன் என்பதை இந்த வாரம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இந்தத் தொடரை மேலே எழுதினால் எனக்கே அசிங்கமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஊர்வலம்

நான் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தவன். மில் படுத்த பிறகு மூன்று பழைய மோட்டார் பைக்குகளை வைத்துக்கொண்டு, பாண்டியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வண்டிக் கடை போட்டேன். காற்று ஒரு பக்கம் அடித்தால் மீன் நாற்றம், மறுபக்கம் அடித்தால் மல்லிகை. ஊருக்குள் வெள்ளைக்காரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த வருடங்களில் சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ஒரிஜினல் லைசென்ஸைக் கடையில் விட்டுவிட வேண்டும், வண்டியைத் திருப்பித் தரும்போது வாங்கிக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் அதுதான் முறை.

வருகிற பிள்ளைகள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணே, பீச்சு, கோயிலு எல்லாம் பாத்தாச்சு. எல்லாரும் போற எடம் வேணாம். வேற எங்கனா சொல்லுங்க."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உழவர்கரையில் பிறந்து வளர்ந்தவன், நாற்பது வயது ஆகப்போகிறது, காட்டுவதற்கு ஓர் இடம் கைவசம் இல்லை. சுருக்கென்றிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று செல்வி சொல்வாள். அந்தக் கோபம் என் மேலேயே வந்தது.

செவ்வாய்க்கிழமை கடையை மூடிவிட்டு நாங்கள் இருவரும் கிளம்ப ஆரம்பித்தோம். இடம் தேடுவதற்குச் செல்வி ஒரு உபாயம் வைத்திருந்தாள். முற்பகல் பத்தரை, பதினோரு மணிக்கு ஏதாவது ஒரு கூட்டு ரோட்டில் வண்டியை நிறுத்த வேண்டும். வேலை செய்கிற ஆட்களின் சைக்கிள்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்க வேண்டும். "தூக்குச் சட்டி மாட்டாத சைக்கிளாப் பாரு. அவன் எங்கியோ சூடா சாப்புடப் போறான்" என்பாள்.

அப்படித்தான் வில்லியனூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையைக் கண்டுபிடித்தோம். தேங்காய்த்திட்டு உப்பங்கழியில் படகிலேயே ஸ்டவ் வைத்துச் சுறாப்புட்டு கிளறிக் கொடுத்தவரைக் கண்டுபிடித்தோம். அவர் அலையாத்திச் செடிகளுக்கு நடுவில் படகை நிறுத்திவிட்டு, நாம் சாப்பிட்டு முடிக்கும்வரை துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். செஞ்சிப் பக்கம் ஒரு பெயரில்லாத குன்று உண்டு. அரை மணி நேரம் ஏறினால் உச்சியில் சுனை. இறங்கி வந்தால் அடிவாரத்தில் ஒரு கிழவர் கம்மங்கூழும் மோர் மிளகாயும் தருவார்.

குரோக்கி

கடைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நான் ஒவ்வொருவருக்கும் தொண்டை வறள வழி சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவருக்கே சலித்துவிட்டது.

"ஏன் மிசே கத்துறீங்க? ஒரு குரோக்கி போட்டுக் குடுத்துடுங்க" என்றார். மிசே என்றால் ஐயா. குரோக்கி என்பது கையால் வரையும் வழிப்படத்துக்குப் பட்டாளத்தில் வழங்கும் பெயராம்.

நீல மையில் வரைந்தேன். ரோடு, பாலம், புளியமரம், ஐயனார் கோயில், டீக்கடை. சாப்பாடு கிடைக்கும் இடத்தில் ஒரு இலை. குளிக்கும் இடத்தில் ஒரு மீன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாள் என்று ஜெராக்ஸ் எடுத்து, கடை மேசையில் கல்லை வைத்து அடுக்கினேன். வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து "சூப்பர்ணே" என்று சொல்லும்போது எனக்குக் கால் தரையில் பாவாது. மில்லில் இருபது வருஷம் வேலை செய்தபோது ஒருத்தரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை.

செருப்புக் கணக்கு

அஞ்சலையக்காவின் கொட்டகைக்கு வருகிறேன். அங்கே கல் வெட்டி முடித்து விட்டுப்போன பள்ளம் ஒன்று, ஊற்றும் மழையும் சேர்ந்து குட்டையாகிக் கிடந்தது. பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். கொட்டகைப் பக்கம் மட்டும் படிப்படியாகக் கல் வெட்டியிருந்தார்கள். மற்ற மூன்று பக்கமும் செங்குத்தான பாறை.

பக்கத்துக் குவாரியில் விடிவதற்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். பாறை சூடேறும் நேரத்தில் வேலையை நிறுத்துவார்கள். முதலில் குளியல், பிறகுதான் சாப்பாடு. இறங்குகிறவர்கள் செருப்பை அக்காவின் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏன் என்று செல்வி கேட்டாள்.

"வெளியூரு ஆளு ஒருத்தன் இருந்தாம்மா. குளிக்கப் போனான். வீட்டுக்குப் போய்ட்டான்னு இவுங்க நெனைச்சிட்டாங்க, வேலைக்கு வந்திருக்கான்னு வீட்ல நெனைச்சிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சி மெதந்தப்பதான் தெரிஞ்சிது. அவன் செருப்பு ரெண்டு நாளும் இங்கியேதான் கெடந்திச்சி. நான் பாத்துகினேதான் இருந்தேன். பாத்தும் தெரியல எனக்கு."

அதிலிருந்து அவர் செருப்பைப் பார்க்காமல் சோறு போட்டதில்லை. நான் அனுப்பிய பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். நீச்சல் தெரியாதவனுக்கு மூன்று படி. தெரிந்தவனுக்கும் அக்கா கூப்பிடும்வரைதான். வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கிவிடும் என்பதால் பாறை மேல் யாரையும் ஏறவே விடமாட்டார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கட்டுப்படுவார்கள். கேழ்வரகுக் களியை எப்படி மெல்லாமல் விழுங்குவது என்று அவரிடம் பாடம் கேட்பார்கள்.

வாயை ஊதச் சொன்னார்

ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"என்னாண்ணே இது? உங்க அக்கா எங்கள வரிசையா நிக்கவச்சி வாய ஊதச் சொல்றாங்க. பீரு வாடை வருதாம். தண்ணியிலயும் எறங்கக் கூடாது, சோறும் கெடையாதுன்னு தொரத்திட்டாங்க."

கடையில் வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது. மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அஞ்சலையக்கா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

"இன்னாக்கா, நான் அனுப்புற ஆளத் தொரத்தி வுட்டியாமே?"

"குடிச்சிட்டு வந்தா தொரத்தாம? ஆலாத்தி எடுக்கவா?"

"உன் கொட்டகைக்கு ஆளு வர்றதே என்னாலதான். மறந்துடாத."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நீ அனுப்பலன்னா இங்க கல்லு ஒடைக்கிறவன் பட்டினியாப் போய்டுவானா?"

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "உன் பக்கமே வராம குட்டைக்குப் போறதுக்கு எனக்கு வழி தெரியும். வடக்கால பனமரத்து வண்டிப்பாத. அதப் போட்டுக் குடுக்குறேன். நீ உன் செருப்ப எண்ணிகினு இரு."

"அது வழி இல்ல தம்பி. மொட்டப் பாறை." அருவாமனையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் சொன்னார். "போடுறதுன்னா போட்டுக்கோ. அங்க பாக்குறதுக்கு ஆளு கெடையாது. தெரிஞ்சி போடு."

தெரிந்துதான் போட்டேன். அன்று மத்தியானமே புதிய தாளில் வரைந்தேன். பனைமரங்கள், வண்டிப்பாதை, பாறை. கொட்டகையையே படத்திலிருந்து எடுத்துவிட்டேன். மார்கழித் தண்ணீர் பாறை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தளும்பிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்த இடத்தில் மீனை வரைந்து, பக்கத்தில் 'இங்கிருந்து குதிக்கலாம்' என்று எழுதினேன்.

செல்வி எடுத்துப் படித்தாள். "நீ குதிச்சிப் பாத்தியா?"

"இந்தக் குளுருல எவன் குதிப்பான்?"

"அப்ப ஏன் எழுதுன?"

எனக்குப் பதில் தெரியும். ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டேன்.

பிரபு

தை, மாசி, பங்குனி எல்லாம் நல்லபடியாகவே போயின. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஒருவனாவது காலைச் சிராய்த்துக்கொண்டு வந்திருந்தால் நான் யோசித்திருப்பேன். எல்லோரும் சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தார்கள்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். இரண்டு வண்டி எடுத்தார்கள். மூன்று பேர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது ஒருவன் மட்டும் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தான். பெயர் பிரபு, சேலம் மாவட்டம் ஆத்தூர். லைசென்ஸைக் கொடுத்துவிட்டு மேசையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தான்.

"அண்ணே, நெசமாவே குதிக்கலாங்களா?"

"சூப்பரா குதிக்கலாம்" என்றேன்.

அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு வண்டி நம்பரை வைத்துப் போலீஸிலிருந்து போன் வந்தது. நான் போனபோது அவனை மேலே எடுத்துப் பாறை மேல் கிடத்தியிருந்தார்கள். தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் இறங்கியிருந்தது. மார்கழியில் ஆழத்தில் கிடந்த வெட்டுக்கல் திட்டு ஒன்று இப்போது தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. அவன்தான் முதலில் குதித்திருக்கிறான். கூட வந்தவர்கள் அலறிய சத்தம் எதிர்ப்பக்கம் கேட்டு, அஞ்சலையக்காவும் குவாரி ஆட்களும் சுற்றி ஓடிவந்து அவனைத் தூக்கியிருக்கிறார்கள். நாலு பேரின் செருப்புகளும் பாறை மேல் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன.

"இங்க எப்பிடி வந்தீங்க? யாரு வழி சொன்னது?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"அவன்தான் சார் முன்னாடி போனான். அவனுக்கு எப்பிடித் தெரியும்னு எங்களுக்குத் தெரியல" என்றான் ஒரு பையன்.

சட்டைப் பையிலிருந்த தாளைக் கான்ஸ்டபிள் எடுத்துப் பிரித்தார். பிரிக்கும்போதே கிழிந்தது. கூழாகிப் போயிருந்தது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பாறை மேல் போட்டுவிட்டார்.

என்னைக் கேட்டார். "வண்டி குடுத்தேன் சார். எங்க போறாங்கன்னு நான் கேக்குறதில்ல" என்றேன்.

பத்தடி தள்ளி அஞ்சலையக்கா நின்றிருந்தார். புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பிரபுவின் முகத்தில் மொய்த்த ஈயை முந்தானையால் விரட்டப் போய்விட்டார்.

கடைக்கு வந்து மேசையிலிருந்த தாள்களை அள்ளி, ஒன்று விடாமல் எரித்தேன். முடிந்தது என்று நினைத்தேன். கோழைக்கு அப்படித்தான் தோன்றும்.

லைசென்ஸ் வாங்க வந்தவர்

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு வாரநாள் காலையில் அவர் வந்தார். வெள்ளை வேட்டி, துணிப்பை, நாலு நாள் தாடி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பேச்சில் தெரிந்தது.

"பிரபு லைசென்ஸ் இங்க இருக்குதுன்னு பசங்க சொன்னாங்க. நான் அவங்கப்பாங்க."

எடுத்துக் கொடுத்தேன். துண்டு நுனியால் போட்டோவைத் துடைத்துப் பார்த்தார். பிறகு, "அந்த எடத்த ஒருக்காப் பாக்கோணுங்க தம்பி. கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

வண்டி இல்லை, வேலை இருக்கிறது, எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். மெயின் ரோட்டை விட்டு இறங்கியதும் மேடு பள்ளம். பிடிமானத்துக்காக என் தோளில் கையை வைத்துக்கொண்டார். அந்தக் கை எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியை எங்காவது சாய்த்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

வடக்குப் பாதையில் போகத் தைரியம் இல்லாமல் அக்காவின் கொட்டகைக்கே போனேன். அவர் யார் என்று சொன்னதும் அஞ்சலையக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பிரபுவின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படிகளில் இறங்கினார். கடைசிப் படியில் குந்தி, தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எதிர்ப்பாறையைப் பார்த்தார். மேலே வந்தார்.

"படியெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் அக்காவிடம். "இப்பிடி எறங்கியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்களே."

"ஆயிருக்காதுங்க. பாறை மேல ஏறவே வுட்டிருக்க மாட்டேன். கோடையில தண்ணி எறங்கிடும். இந்தப் பக்கம் வந்திருந்தா சோத்தப் போட்டு அனுப்பியிருப்பேன்."

"அப்பறம் ஏனுங்க இந்தப் பக்கம் வரல?"

அக்கா அடுப்பில் விறகைத் தள்ளினார். என்னைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கு எல்லாம் தெரியும், என் வாயாலேயே கேட்டவர். இருந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. அதை என்னிடமே விட்டுவிட்டார்.

"நான்தாங்க" என்றேன். "அந்த வழிய நான்தான் படம் போட்டுக் குடுத்தேன். குதிக்கலாம்னு எழுதுனதும் நான்தான். அவன் என்னைக் கேட்டான். குதிக்கலாம்னு வாயாலயும் சொன்னேன். போலீஸ்ல மறைச்சிட்டேன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஏன்?" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் தயாராக வரவில்லை. "நான் அனுப்புன ஆளுங்கள இந்தக்கா திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தக் கோவத்துல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னது என்று எனக்கே கேட்டது. ஐந்து குடிகாரப் பிள்ளைகள் முன்னால் என் மரியாதை போய்விட்டதாம். அதற்காக.

அவர் செருப்பை மாட்டினார். பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். மெயின் ரோடு மூன்று கிலோமீட்டர், உச்சி வெயில். நான் வண்டியைக் கிளப்பப் போனேன்.

"வுடு" என்றார் அஞ்சலையக்கா. "உன் வண்டியில அவுரு ஏறமாட்டாரு. தனியாவும் வுடாத. பின்னாலயே நடந்து போ."

நடந்தேன். அவர் முன்னால், நான் இருபதடி பின்னால். ஒரு இடத்தில் வேலிக்காத்தான் மர நிழலில் நின்று மூச்சு வாங்கினார். நானும் வெயிலில் நின்றேன். அவர் திரும்பவே இல்லை.

அவர் கேட்டது

மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்க வியர்வை. அழுதிருந்தாரா என்று தெரியவில்லை.

"அந்தப் படம் இன்னும் யார் யார்கிட்ட இருக்குது?"

"இருந்ததெல்லாம் எரிச்சிட்டங்க."

"உங்ககிட்ட இருந்தத எரிச்சீங்க. குடுத்தது?"

மார்கழியிலிருந்து சித்திரைவரை சனி ஞாயிறுகளில் எத்தனை பேர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் ஊரில் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார்கள். இத்தனை நாளில் அது ஒரு தடவைகூட என் மண்டையில் உதிக்கவில்லை. தன் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மனிதருக்கு உதித்திருக்கிறது.

"தெரியலிங்க."

"தெரிஞ்சுக்கோங்க" என்றார். திண்டிவனம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

அதே வாரம் போலீஸில் போய் உண்மையைச் சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் நடக்கவில்லை. செல்விதான் வாடகை ரெஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராகப் போன் போட ஆரம்பித்தாள். பல நம்பர்கள் மாறிவிட்டன. சிலர் திட்டினார்கள். சிலர் தாளை எப்போதோ தொலைத்துவிட்டதாகச் சொன்னார்கள். பெங்களூரில் ஒரு பெண், படம் அழகாக இருக்கிறது என்று சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கதவிலிருந்து தாளைப் பிய்க்கும் சத்தம் போனில் கேட்டது.

கிழித்தவர்களிடம் கிழித்ததை அனுப்பச் சொல்லிக் கேட்டோம். இதுவரை பத்தொன்பது வந்திருக்கின்றன.

எண்ணிக்கை பிரபுவின் அப்பாவுக்கும் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை, சித்திரையில், ஆத்தூரிலிருந்து போன் வரும். நலம் விசாரிக்க மாட்டார். "எத்தனைங்க?" என்பார். நான் சொல்வேன். "செரி" என்று வைத்துவிடுவார். போன சித்திரைக்கும் அதற்கு முந்தைய சித்திரைக்கும் நான் பத்தொன்பது என்றே சொன்னேன்.

அந்தக் குவாரியில் இப்போது வேலை நடக்கவில்லை. ஆட்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். அஞ்சலையக்காவும் மகள் வீட்டோடு போய்விட்டார். படி இருக்கிற பக்கத்திலும் இன்று பார்க்க ஆள் இல்லை. குட்டையில் தண்ணீர் மட்டும் இருக்கிறது, எப்போதும்போல் அழகாக.

ஆகவே கேட்கிறேன். உங்கள் வீட்டுப் புத்தகத்துக்குள்ளோ, பழைய பர்ஸிலோ, பிள்ளைகளின் அலமாரியிலோ கையால் வரைந்த ஒரு வழிப்படத்தின் ஜெராக்ஸ் இருக்கலாம். வரிசையாக ஏழு பனைமரங்கள், ஒரு பாறை, ஒரு மீன், பக்கத்தில் என் கோணல் கையெழுத்தில் இரண்டு சொற்கள் இருக்கும். தயவுசெய்து கிழித்துவிடுங்கள். கிழித்ததை இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால் என்னிடம் சேர்த்துவிடுவார்கள்.

சித்திரைக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. இந்தத் தடவை அவர் கேட்கும்போது இருபது என்று சொல்ல வேண்டும்.